பென்ஹாலோவுக்கு இரண்டு நிமிட இருட்டு

லண்டன் நாடக உலகத்தில் ஒருவர் பெரிய நடிகரா சின்ன நடிகரா என்பதை அவர் உயிரோடு இருக்கும்வரை யாரும் உறுதியாகச் சொல்ல மாட்டார்கள். செத்த பிறகு சொல்வார்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவிலும் ஸ்ட்ராண்டிலும் இருக்கிற அரங்குகள் எல்லாம் வாசல் விளக்குகளை அணைத்துவிட்டு நிற்கும். அந்த இருட்டு யாருக்குக் கிடைக்கிறதோ அவர் பெரியவர். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். நடிகன் கணக்கில் பாதிதான் உண்மை.

என் பெயர் டோரீன் கிராப். நடிகர்களுக்கு உடை மாட்டிவிடுவது என் தொழில். டெஸ்மண்ட் பென்ஹாலோவுக்கு மட்டும் இருபத்தாறு வருஷம் மாட்டியிருக்கிறேன். அவருடைய இடது தோள் வலது தோளைவிட அரை அங்குலம் தாழ்வு என்பது அவர் மனைவிக்கே தெரியாது, பாவம், அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள், எனக்குத் தெரியும்.

பென்ஹாலோ முறைப்படி பயின்றவர். அப்படித்தான் எல்லாப் பத்திரிகையும் எழுதும், வேறு எழுத எதுவும் இல்லாததால். நாடகப் பள்ளியில் மூன்று வருஷம் வாள் சண்டை, செய்யுள், ஒரே மூச்சில் பதினாலு வரி சொல்வது, எலும்பு முறியாமல் செத்து விழுவது எல்லாம் கற்றுக்கொண்டு வெளியே வந்தார். வந்தவருக்கு எங்கள் நாடக உலகம் ஐம்பத்து மூன்று வருஷமாக என்ன கொடுத்தது என்று கேளுங்கள். எதிரி கோட்டை வாசலுக்கு வந்துவிட்டான் என்று ஓடிவந்து சொல்லும் தூதன். மூன்றாம் பிரபு. சாவதற்கு முன் ஒரு வரி பேசும் பாதிரியார். சினிமாவில் பதினொரு முறை பட்லர். அமெரிக்காக்காரர்களுக்கு விண்வெளிக் கப்பலில் ஒரு அயோக்கியன் தேவைப்பட்டால் லண்டனுக்குத்தான் ஃபோன் போடுவார்கள். அயோக்கியன் செய்யுள் படித்தவனாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த வகையில் பென்ஹாலோ ஐந்து கிரகங்களை அழித்திருக்கிறார். ஒரு பிஸ்கட் விளம்பரத்தில் நரிக்குக் குரல் கொடுத்தார். தெருவில் பிள்ளைகள் அந்த நரிக்காகத்தான் அவரை நிறுத்துவார்கள்.

ராஜா வேஷம் மட்டும் வரவில்லை. ஒன்பது ராஜாக்களின் பக்கத்தில் நின்றிருக்கிறார், மெத்தையில் கிரீடத்தை ஏந்திக்கொண்டு. ஒரு ராஜாவுக்கு நடுக்காட்சியில் வரி மறந்துபோனபோது உதடு அசையாமல் எடுத்துக் கொடுத்தார். ஒன்பது பேரின் வரிகளும் அவருக்கு மனப்பாடம்.

எழுபத்தாறாவது வயதில், ஜூலை மாதம், வடக்கே ஒரு ஊரில் இருந்த அரங்கம் அவரைக் கூப்பிட்டது. கிழ ராஜா வேஷம். அக்டோபர் பத்தொன்பதாம் தேதி முதல் காட்சி. அவர் எனக்கு ஃபோன் செய்து, "டோரீன், ராஜா" என்று மட்டும் சொன்னார். மேலே பேச முடியாமல் அழுதுவிட்டார். நானும் அடுப்பில் முட்டையை வைத்துவிட்டு அழுதேன், முட்டை கல்லாகிவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

நான்காம் நாள் கடிதம் வந்தது. கெட்டியான தாள், கறுப்புக் கரை. அனுப்பியது மேடை விளக்கு மரியாதை மன்றம். யாருக்கு இருட்டு, எத்தனை நிமிடம் என்று தீர்மானிக்கிறவர்கள் அவர்கள்தான். கடிதம் சின்னது. பென்ஹாலோவுக்கு இரண்டு நிமிடம் வழங்க மன்றம் ஒருமனதாகத் தீர்மானித்திருப்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறார்கள். நாள், அக்டோபர் பன்னிரண்டு, வியாழக்கிழமை. நேரம், மாலை ஏழு. தாங்கள் நேரில் வரவேண்டிய அவசியமில்லை.

யாரோ குமாஸ்தா செய்த தப்பு, போய்ச் சொன்னால் சரியாகிவிடும் என்றார் பென்ஹாலோ. தப்பு செய்தவர்கள் ஒருமனதாகச் செய்ய மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. கூடவே போனேன்.

மன்றத்தின் செயலாளர் குவென்டின் பிளைத். ஐம்பது வயது, பஞ்சு மாதிரிக் குரல். டீயும் வெண்ணெய் பிஸ்கட்டும் கொடுத்து, பென்ஹாலோவின் கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் குலுக்காமல் வைத்திருந்தார். நாடி பார்க்கிறவர்கள் அப்படி வைத்திருப்பார்கள்.

"தப்புன்னு சொல்லாதீங்க, மிஸ்டர் பென்ஹாலோ. முழுசா ரெண்டு நிமிஷம். போன வருஷம் சர் பட்டம் வாங்கினவருக்கே ஒண்ணேகால்தான் தேறிச்சு. அவங்க வீட்டம்மா இங்க வந்து அழுதாங்க."

"ஆனா நான் சாகலையே" என்றார் பென்ஹாலோ.

"அதைப் பத்திக் கடிதத்துல ஒரு வார்த்தை இருக்கா? நாங்க விளக்கைப் பத்தி மட்டும்தான் எழுதுவோம். மத்தது கலைஞரோட சொந்த விஷயம்."

பிறகு ஏற்பாட்டை விளக்கினார். பழைய காலத்தில் நடிகர்கள் இஷ்டத்துக்குச் செத்துக்கொண்டிருந்தார்களாம். ஒரே வாரத்தில் மூன்று பேர், பிறகு நாலு மாதம் ஒருவரும் இல்லை. கிறிஸ்துமஸ் சமயத்தில் செத்தால் அரங்கக்காரர்களுக்குக் கஷ்டம். பாட்டு நாடகக்காரர்கள் சனிக்கிழமை விளக்கணைக்க மாட்டேன் என்கிறார்கள். அதனால் முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன் மன்றம் ஒழுங்குக்குக் கொண்டுவந்தது. முதலில் தேதி. பிறகு மற்றது. இந்த வருஷம் இரண்டு நிமிடத்துக்கு இடம் இருந்தது ஒரே ஒரு வியாழக்கிழமைதான். பதினேழு பேர் அதற்குக் காத்திருந்தார்கள்.

"அன்னைக்கு நான் உயிரோட இருந்தா என்ன செய்வீங்க?"

பிளைத் பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். "மன்றம் யாரையும் ஒண்ணும் செஞ்சதில்ல, மிஸ்டர் பென்ஹாலோ. அப்படி ஒரு வார்த்தை வெளியில வரக்கூடாது. ஆனா முப்பத்தெட்டு வருஷத்துல ஒரு கலைஞர்கூட தேதியைத் தவறவிட்டதில்ல. நம்ம தொழில்ல அவ்வளவு ஒழுக்கம்."

வெளியே நடைகூடத்தில் சுவர் முழுக்க நடிகர்களின் படங்கள். ஒவ்வொன்றின் கீழும் பித்தளைத் தகட்டில் பிறந்த தேதி, இறந்த தேதி. கடைசிப் படம் பென்ஹாலோவுடையது. இரண்டு தேதியும் பொறித்தாகிவிட்டது. தடவிப் பார்த்தேன், பித்தளைத் தூள் விரலில் ஒட்டியது. வரிசை நடுவே ஒரு படத்துக்கான இடம் காலியாக இருந்தது, ஆணி அடித்த துளையோடு. இங்கே யார் இருந்தது என்று கேட்டேன். எங்கே என்று பிளைத் திருப்பிக் கேட்டார். இந்த இடத்தில் என்றேன். இந்த இடத்தில் சுவர் இருக்கிறது, அம்மா, என்றார்.

எனக்கு அந்த ஆளைத் தெரியும். தேதி வேண்டாம் என்று சண்டை போட்டவர். செம்பட்டைத் தலை; பாத் நகரத்தில் இரண்டு மாதம் அவர் கோட்டுக்குப் பொத்தான் தைத்திருக்கிறேன். படியில் இறங்கும்போது அவர் பெயரை ஞாபகப்படுத்திப் பார்த்தேன், வரவில்லை. பென்ஹாலோவிடம் கேட்டேன். ஐந்து வருஷம் அந்த ஆளோடு ஒரே அறையில் முகப்பூச்சு போட்டவர் இவர். படியிலேயே நின்று யோசித்தார். அவருக்கும் வரவில்லை. பஸ் ஏறினோம்.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் அன்பாகவே நடந்தன. வடக்கே இருந்த அரங்கத்தின் மேலாளர் ஃபோன் செய்து மனமார வாழ்த்தினார். இரண்டு நிமிடக்காரரோடு வேலை செய்யக் கொடுத்துவைக்கவில்லையே என்று வருத்தப்பட்டார். முதல் காட்சி பத்தொன்பதாம் தேதி, நீங்கள் பன்னிரண்டு, காப்பீட்டுக்காரர்கள் ஒப்ப மாட்டார்கள், நீங்களே புரிந்துகொள்வீர்கள். ராஜா வேஷம் வேறொருவருக்குப் போய்விட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது எந்த ஊரிலும் பொய்யில்லை.

ஒரு பெரிய நாளிதழிலிருந்து ஒருத்தி கூப்பிட்டாள். பென்ஹாலோவுக்கான இரங்கல் கட்டுரை பன்னிரண்டு வருஷமாகத் தயாராக இருக்கிறதாம். ஒரு சின்ன இடம் மட்டும் நிரப்ப வேண்டுமாம். 'சிறிது காலம் நோயுற்றிருந்து' என்று போடவா, 'அமைதியாக' என்று போடவா? சனிக்கிழமைக்குள் சொன்னால் போதும். பென்ஹாலோ மரியாதைக்காரர், யோசித்துச் சொல்கிறேன் என்றார். நான் ஃபோனைப் பிடுங்கி, உன் வீட்டுக் கிழவனுக்கு என்ன போடப் போகிறாயோ அதையே போடு என்றேன். அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.

நடிகர்கள் கூடுகிற மதுக்கடையில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். முப்பது வருஷமாக அவரைப் பார்த்தும் பார்க்காத மாதிரிப் போனவர்கள் தோளில் சாய்ந்து அழுதார்கள். "என்ன மனுஷன்யா இருந்தாரு" என்று அவருக்கு எதிரிலேயே ஒருவன் சொன்னான். பென்ஹாலோ நன்றி சொன்னார். என்ன செய்வார்? ஐம்பத்து மூன்று வருஷத்தில் யாரும் அவரை இவ்வளவு புகழ்ந்ததில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது, "இவ்வளவு நாள் எல்லாம் எங்க போயிருந்தாங்க டோரீன்?" என்று என்னிடம் கேட்டார்.

மேல்முறையீடு செய்யலாம் என்று கடிதத்தின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருந்தது. செய்தோம். ஆகஸ்ட் கடைசியில் விசாரணை. மன்றத் தலைவர் டேம் வினிஃப்ரெட் கார்ஸ்டன் நடுவில் உட்கார்ந்திருந்தார்; ஆண்களுக்கு சர் பட்டம் என்றால் பெண்களுக்கு டேம். ஒரு காலத்தில் மேடையில் பெரிய ராணி. இப்போது எண்பத்தொன்பது வயது, கழுத்தில் நாலு சுற்று முத்து. அவருக்கு இன்னும் தேதி வரவில்லை. தேதி குறிக்கிறவர்களுக்கு வராது.

பென்ஹாலோ தாம் நன்றாக இருப்பதாகச் சொன்னார். டாக்டர் சான்றிதழ் நீட்டினார். டேம் அதைப் படிக்கவே இல்லை.

"டெஸ்மண்ட் கண்ணா, நீ நல்லா இருக்கறது எங்களுக்குத் தெரியும். அதுதானே பிரச்சினை. உயிரோட இருக்கற நடிகனை என்ன பண்றது சொல்லு? வரி மறந்துபோவான். வேஷம் கேட்பான். வயசான காலத்துல டிவியில ஏதாவது உளறி வைப்பான். இந்த நாடு நடிகர்களை நேசிக்கிற நாடு, கண்ணா. ஆனா நேசிக்கறதுக்கு அவன் கொஞ்சம் அசையாம இருக்கணும். இதுவரைக்கும் எழுநூறு சுமாரான நடிகர்களை மகா நடிகர்களா ஆக்கியிருக்கோம். ஒருத்தர்கூட அப்புறம் ஏமாத்தினதில்ல. உனக்கு ரெண்டு நிமிஷம் எதுக்குக் கொடுத்தோம்? நீ நல்லா நடிச்சதுக்கா? யாருக்கும் தொந்தரவு கொடுக்கலை. அதுக்குத்தான்."

இடதும் வலதும் உட்கார்ந்திருந்தவர்கள் மேசையை மெல்லத் தட்டினார்கள். பென்ஹாலோவின் முகம் வெளுத்துப்போனது. கோபப்படுவார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் முத்துச் சரத்தை அறுத்திருப்பேன். அவர் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு, ஒரே ஒரு ராஜா வேஷம் கட்டிப் பார்க்க ஆசைப்பட்டேன், அது முடிந்தால் போதும் என்றிருந்தேன் என்றார்.

டேம் பிளைத்தைப் பார்த்தார். பிளைத் ஒரு ஃபைலைத் திறந்து தலையை ஆட்டினார்.

"இதை நீ முன்னாலயே சொல்லக்கூடாதா?" என்றார் டேம். "பன்னெண்டாம் தேதி மத்தியானம் ரெண்டு மணிக்கு ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவுல பெரிய அரங்கம் எடுத்துத் தரோம். முழு நாடகம். கிழ ராஜா நீதான்."

நான் அவர் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் கவனிக்கவில்லை.

"எத்தனை நாள் ஒத்திகை?"

"ஆறு வாரம்."

"வெட்டாமலா?"

"ஒரு வரிகூட வெட்ட மாட்டோம். நடிப்புல மன்றம் தலையிடாது. முடிவை மட்டும் நாங்க பார்த்துக்குவோம்."

அவர் முகத்தைப் பார்த்தேன். இந்த உலகத்தில் வேறு எந்தத் தொழில் செய்கிறவனும் அந்த இடத்தில் எழுந்து ஓடியிருப்பான். கசாப்புக்காரன் ஓடுவான், வக்கீல் ஓடுவான். பென்ஹாலோ பேனா கேட்டார்.

படியில் வைத்து அவரை நன்றாகத் திட்டினேன். உரலில் தலையைக் கொடுத்துவிட்டு உலக்கை வலிக்குமா என்று கேட்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றேன். மார்கேட்டில் என் தங்கை வீட்டுக்குப் போய்விடலாம், கடற்கரை ஊர், யாரும் தேட மாட்டார்கள் என்றேன். அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"ஓடிப்போனா இன்னும் ஒரு பத்து வருஷம் இருப்பேனா? சரி. அந்தப் பத்து வருஷத்துல எனக்கு என்ன வரும் டோரீன்? பன்னெண்டாவது பட்லர் வருவான். எனக்கு இது வேணும். நான் வெட்கப்படலை, எனக்கு வேணும்."

எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. மறுநாள் ராஜா அங்கிக்கு அளவெடுத்தேன்.

ஆறு வாரத்தில் அந்த மனிதர் இருபது வயது இறங்கிவிட்டார். காலையில் முதல் ஆளாக வருவார், பன்றி இறைச்சி அடைத்த அப்பம் இரண்டு சாப்பிடுவார், மகள்கள் ராஜாவைக் கோட்டையை விட்டுத் துரத்துகிற காட்சியில் அவர் போட்ட சத்தத்துக்குக் கூரையிலிருந்து தூசி உதிர்ந்தது. மன்றம் ஒவ்வொரு வெள்ளியும் தன் டாக்டரை அனுப்பும். அவர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டு, குதிரை மாதிரி இருக்கிறது என்று வருத்தத்தோடு பிளைத்திடம் சொல்வார். கவலைப்படாதீர்கள் என்று பிளைத் அவரைத் தேற்றுவார். கடைசிக் காட்சியில் ராஜா விழுகிற இடம் வரும்போது இயக்குநர் கையைத் தட்டி நிறுத்திவிடுவார். அதற்கு மேல் ஒத்திகை வேண்டாமாம். ஏன் என்று பென்ஹாலோ ஒருமுறை கேட்டார். அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் இயக்குநர், தரையைப் பார்த்தபடி. கூட நடித்த பெண்கள் திடீர் திடீரென்று அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஆனால் ஒருத்தியும் ஒத்திகைக்கு வராமல் இருக்கவில்லை. நான் மட்டும் என்ன வாழ்ந்தது? அங்கிக்கு ஓரம் அடித்தேன்.

பன்னிரண்டாம் தேதி மழை இல்லை. அரங்கம் நிரம்பிவிட்டது, அமைச்சர் ஒருவர்கூட வந்திருந்தார். நிகழ்ச்சித் தாளின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி. ஏழு மணி நிகழ்ச்சிக்கு இடைஞ்சல் இல்லாமல் ரசிகர்கள் தங்கள் கைதட்டலை ஆறு ஐம்பத்தைந்துக்குள் முடித்துக்கொள்ள அன்புடன் வேண்டப்படுகிறார்கள்.

அவர் எப்படி நடித்தார் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஒன்பது ராஜாக்களைப் பக்க மறைவில் நின்று பார்த்தவள் நான். ஒன்பது பேரும் கோட்டு போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். இடைவேளையில் பார்வையாளர்கள் ஐஸ்கிரீம் வாங்க மறந்துவிட்டார்கள் என்றால் எங்கள் ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. எனக்குப் பெருமையும் பயமும் சேர்ந்து வந்தன.

கடைசிக் காட்சிக்கு முன் நாலு நிமிடம் அவருக்கு மேடையில் வேலை இல்லை. அங்கியை மாற்றிவிட வேண்டும். நான் அங்கியை எடுக்கவில்லை. அவருடைய சொந்தக் கோட்டை விரித்துப் பிடித்தேன். எதிர்ப்பக்க மறைவில் மன்றத்தின் டாக்டர் நின்றிருந்தார், அவருக்குப் பின்னால் கறுப்புக் கையுறை போட்ட இரண்டு பேர்.

"சார், பின்வாசல்ல டாக்ஸி நிக்குது. நாலே கால் மணி நேரம் ராஜாவா இருந்துட்டீங்க. போதும். வாங்க."

அவர் கோட்டைப் பார்த்தார். ஒரு கணம் கையைக்கூட நீட்டினார். அப்போது மேடையில் ஒரு நடிகன் ராஜா வருகிறார் என்றான்.

"இன்னும் ஒரு காட்சி இருக்கே டோரீன்" என்றார். "காலரைச் சரி பண்ணு."

சரி பண்ணினேன்.

திரை விழுந்தபோது மணி ஆறு நாற்பத்தொன்று. ராஜா தரையில் கிடந்தார். கையுறைக்காரர்கள் இரண்டு அடி வைத்தார்கள். ஆனால் மறுபக்கம் எழும்பிய கைதட்டல் இருக்கிறதே, திரையே நடுங்கியது. அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிற நடிகன் இனிமேல்தான் பிறக்க வேண்டும். பென்ஹாலோ எழுந்தார், அங்கியைத் தட்டிக்கொண்டார், முன்னால் போய்த் தலை வணங்கினார். கையுறைக்காரர்கள் நின்றுவிட்டார்கள். டாக்டர் பிளைத்தைப் பார்த்தார்.

"கைதட்டல் நடக்கும்போது கூடாது" என்று பிளைத் மெல்லச் சொன்னார். "விதி இருக்கு. அது மரியாதைக் குறைவு. முடியட்டும்."

அதைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. தட்டுங்கள், தட்டுங்கள் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். திரையை ஏழு முறை தூக்கினார்கள். பென்ஹாலோ ஏழு முறையும் வணங்கினார், ஒவ்வொரு முறையும் முதுகு இன்னும் நேராக. ஜனங்கள் நின்றுகொண்டு தட்டினார்கள், சிலர் அழுதுகொண்டே. பிறகு ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எங்கள் ஜனங்கள் ஒழுங்குக்காரர்கள்; அச்சில் வந்ததை மீற மாட்டார்கள். ஏழே காலுக்கு ரயிலும் இருக்கிறது. ஆறு ஐம்பத்தைந்துக்குக் கைதட்டல் ஒரே வீச்சில் நின்றது. எல்லாரும் இருக்கைக்கு அடியில் குடையைத் தேடினார்கள். அவரை அவ்வளவு நேரம் நேசித்தவர்கள் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்காமல் வாசலுக்கு நடந்தார்கள்.

நான் தட்டினேன்.

பக்க மறைவில் நின்று, ஒருத்தியாக. பார்வையாளர் தட்டினால்தான் கணக்கு என்று பிளைத் சொன்னார். எந்த விதியில் இருக்கிறது, எடுத்துக் காட்டு என்றேன், கையை நிறுத்தாமல். அவர் சட்டைப்பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். இல்லை. டாக்டர் பின்னால் நகர்ந்தார். டேம் வினிஃப்ரெட்டைக் கைத்தாங்கலாக மேடைக்கு அழைத்து வந்தார்கள். அவர் நான் ஏதோ குடித்துவிட்டுப் பாடுகிறவள் மாதிரி என்னைப் பார்த்தார்.

காலி அரங்கத்தில் பென்ஹாலோ நின்றிருந்தார். என் பக்கம் திரும்பி எனக்குத் தலை வணங்கினார். மறுபடி தட்டினேன், மறுபடி வணங்கினார். ஆறு ஐம்பத்தெட்டு. ஆறு ஐம்பத்தொன்பது. உள்ளங்கை எரிந்தது. ஏழு அடித்தது. தெருவில் எல்லா அரங்கத்திலும் சுவிட்சில் கை வைத்துக்கொண்டு ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று பிளைத் கெஞ்சினார். காத்திருக்கட்டும் என்றேன். என் கை சிவந்து விரல்கள் வீங்கியிருந்ததை பென்ஹாலோ பார்த்துவிட்டார்.

"போதும் டோரீன்" என்றார் பென்ஹாலோ. அவர் சிரித்த மாதிரி இருந்தது. "கை வலிக்கப் போகுது. ரொம்ப நல்லா இருந்துச்சு இன்னைக்கு. போதும்."

இருபத்தாறு வருஷத்தில் அவர் சொன்னதை நான் ஒருமுறையும் மீறியதில்லை. கை தானாக நின்றுவிட்டது.

உடனே விளக்கு போனது. உள்ளே, வெளியே, தெரு நெடுக. இரண்டு நிமிடம் என்பது எவ்வளவு நேரம் என்று இருட்டில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். காலடிச் சத்தம் கேட்டது. அவர் ஒரு சத்தமும் போடவில்லை. எலும்பு முறியாமல் விழக் கற்றவர்.

விளக்கு வந்தபோது மேடையில் யாரும் இல்லை. பிளைத் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார், எட்டிப் பார்த்தேன். ஏழு மணி ஒரு நிமிடம். மன்ற வரலாற்றில் முதல் தாமதம். காரணம், உடை மாட்டும் பெண். எழுதி முடித்து, என் கையைப் பார்த்து, சில்லென்ற தண்ணீரில் வையுங்கள், அம்மா, வலி போய்விடும் என்றார். உண்மையான அக்கறையோடுதான் சொன்னார்.

வைத்தேன், வலி போய்விட்டது. இன்னும் கொஞ்ச நேரம் தட்டியிருக்கலாம்.